பதினோரு சார்ஜர்

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். கடிகாரம் "எழு" என்கிறது. எழுந்துவிட்டேன் என்று அதனிடம் சொல்கிறேன். பல் துலக்குகிறேன். பிரஷ் "மேல" என்கிறது, பிறகு "கீழ", பிறகு "போதும்". கெட்டிலில் தண்ணீர் ஊற்றுகிறேன். "கொதிச்சாச்சு" என்கிறது. காபி குடிக்கிறேன். எடை பார்க்கும் பலகையில் ஏறுகிறேன். "அறுபத்தொண்ணு." போன மாதமும் அறுபத்தொன்றுதான்.

பிறகு ஒரு சுற்று. ஒவ்வொரு கருவியின் சார்ஜையும் பார்த்து அதனிடமே சொல்கிறேன். விளக்கு, எண்பத்திரண்டு. தண்ணீர் பாட்டில், எழுபது. கைவிசிறி, அறுபத்தெட்டு. "சரி" என்கின்றன. எல்லாம் ஒரே குரல். என் மனைவி அக்சிலியாவின் குரல். அவள் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

ஊருக்குக் கிளம்பிய அன்று சனிக்கிழமை. சுற்று முடிந்ததும் பதினோரு கருவிகளையும் பதினோரு சார்ஜர்களையும் ஒரு பையில் வைத்தேன். துணிமணி இன்னொரு பையில். துணிப் பை சிறியது.

எழும்பூரிலிருந்து ஏழே முக்காலுக்குத் தூத்துக்குடி பகல் வண்டி. எனக்கு ஜன்னல் இருக்கை. பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வண்டி தாம்பரம் தாண்டுவதற்குள், தன் பெயர் செண்பகக்கனி, ஊர் கோவில்பட்டி, தம்பிக்குப் பெண் பார்க்கச் சென்னை வந்தது, பெண்ணை எல்லோருக்கும் பிடித்தது, தம்பியைத்தான் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பது வரை சொல்லி முடித்துவிட்டார்.

"நீங்க?"

"டெரன்ஸ்."

"அம்புட்டுதானா?"

"தூத்துக்குடி போறேன். மனைவியோட தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன்."

"மதினி முன்னாடியே போய்ட்டாகளா?"

பையைக் காட்டினேன். "இறந்துட்டா."

அவர் பையைப் பார்த்தார். அதன் கனத்தைப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் பை பெரிதாக இருந்தால் யாரும் அதிகம் கேட்பதில்லை.

செங்கல்பட்டில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். டிக்கெட்டை அரைக் கண்ணால் பார்த்தார். பையை முழுக் கண்ணால் பார்த்தார்.

"எத்தனை?"

"பதினொண்ணு."

"ஒரு ஆளுக்கு ஆறுதான் சார். வாசல்லயே போர்டு போட்டிருக்கு."

"அஞ்சு என்னோடது," என்றார் செண்பகக்கனி.

பரிசோதகர் பைக்குள் கைவிட்டு ஒரு மடக்குக் குடையை எடுத்தார். அதன் பொத்தானை அழுத்தி, "நீ யாரோடது?" என்று கேட்டார்.

"மழை இல்ல," என்றது குடை, அக்சிலியாவின் குரலில்.

"உங்க குரல் மாதிரி இல்லையேம்மா."

"ரெண்டு நாளா தொண்டை கட்டியிருக்கு சார்."

பரிசோதகர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. தன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். அங்கே பேனா அளவில் ஒரு டார்ச் இருந்தது. "எங்கம்மாவோடது. பெட்டி மாறும்போது 'காலைப் பாத்து வைடா'ங்கும்," என்றார். குடையை மடக்கித் திருப்பித் தந்தார். "பிளக்ல ஒண்ணு ஒண்ணாப் போடுங்க சார். எல்லாத்தையும் சேத்துப் போட்டீங்கன்னா இந்த வரிசை முழுக்கப் போயிடும்."

சரி என்றேன்.

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பினார். ஐம்பது வயது. பெயர் ஆறுமுகநயினார், திருநெல்வேலிக்காரர். கையில் ஒரு ஷேவிங் மெஷின். அவருடைய அப்பாவுடையது.

"எங்க காலத்துல வீட்டுக்கு ஒரே வயருதான். போனுக்கும் அதுதான், லைட்டுக்கும் அதுதான். இப்ப என்னடான்னா ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு சார்ஜர். தாலி கட்டுன மாதிரி ஒண்ணு இன்னொண்ணுல சேர மாட்டேங்கு."

"ஒரே வயரா இருந்தா உள்ள இருக்கிற பேச்சுச் சாயலை எவனும் உருவிட்டுப் போயிருவான் அண்ணாச்சி," என்றார் செண்பகக்கனி. "செத்துப்போனவுக குரல்ல போன் போட்டு, எங்க கடைக்கு வாங்கன்னு கூப்பிட்டானுகளே, மறந்துட்டீகளா? அதுக்கப்புறந்தான சட்டம் வந்துச்சு. நம்ம பேசுறதைக் கேட்டுக் கேட்டு கருவி நம்மள மாதிரிப் பேசப் படிக்கும், அது பரவால்ல. ஆனா அந்தச் சாயலை நகல் எடுக்கக் கூடாது. கருவியை விட்டு வெளிய வரக் கூடாது. சார்ஜ் தீந்தா அழிஞ்சிரணும்."

"அழியணும்னு சட்டம் போட்டவனுக்கு அப்பா இல்லையாக்கும்?"

"இருந்திருப்பாரு. இருக்கும்போது வைஞ்சிருப்பாரு."

ஆறுமுகநயினார் உடம்பு குலுங்கச் சிரித்தார். ஷேவிங் மெஷினைத் தடவிக்கொண்டார். "எங்கப்பாவும் வைவாரு. கன்னத்துல வச்சா, 'மூதேவி, நெட்டுக்குத்தா இழு'ம்பாரு. அதைக் கேக்கதுக்காவே தினமும் செரைக்கேன்."

எதற்காக எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருகிறேன், வீட்டில் பிளக்கில் போட்டுவிட்டு வரலாமே என்று செண்பகக்கனி கேட்டார். போன ஆகஸ்டில் எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றினார்கள் என்றேன். நான் அலுவலகத்தில் இருந்தேன். மாலை வந்து பார்த்தால் இஸ்திரிப் பெட்டியில் சார்ஜ் தீர்ந்து போய்விட்டிருந்தது. மறுநாள் அது யாரோ ஒரு பெண்ணின் குரலில், தெளிவான உச்சரிப்பில், எனக்கு வணக்கம் சொன்னது. அதற்குப் பிறகு நான் எந்த ஊருக்கும் போகவில்லை. இப்போது ஞானத்தகப்பன் என்பதால் வேறு வழியில்லை.

அன்றுதான் அவ்வளவு பேசினேன் என்று நினைக்கிறேன்.

திருச்சிக்கு முன்னால் அந்தத் தவறைச் செய்தேன். டிபன் பாக்ஸ் முப்பதுக்குக் கீழே போயிருந்தது. ஹேர் டிரையர் இருபத்தெட்டு. காதுக் கருவி இருபத்தைந்து. ஒன்று ஒன்றாகப் போட்டால் நேரம் போதாது என்று கணக்குப் போட்டேன். பையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து, ஜன்னலுக்குக் கீழே இருந்த பாயின்டில் சொருகி, ஒரே நேரத்தில் எட்டைப் போட்டேன்.

பட்டென்று ஒரு சத்தம். வறுத்த மல்லி மாதிரி ஒரு வாசனை. எங்கள் பக்கத்து ஜன்னல்களில் இருந்த சின்னப் பச்சை விளக்குகள் வரிசையாக அணைந்தன.

"யாருல அது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்கப்பா முப்பது பர்சென்ட்ல இருக்காருய்யா!" என்று எழுந்தார் ஆறுமுகநயினார்.

"எங்க வீட்டுக்காரி ஒம்பதுல இருக்கா!" என்றது இன்னொரு குரல்.

"உசுரோட பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். ஒம்பதாம்ல ஒம்பது," என்று ஒரு பெண் சொல்வது கேட்டது. தொடர்ந்து ஒரு அடி விழும் சத்தம்.

பரிசோதகர் வந்தார். என்னைப் பார்த்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது அவர் பையிலிருந்த டார்ச், "காலைப் பாத்து வைடா" என்றது. அவர் வாயை மூடிக்கொண்டார். மதுரையில்தான் எலக்ட்ரீஷியன் ஏறுவார் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்தப் பெட்டி ஒரு கல்யாண வீடு மாதிரி இருந்தது. எதிர்ப்பக்கத்து ஜன்னல்காரர்கள் பாயின்டுகளை விட்டுக்கொடுத்தார்கள். நடைபாதைக்குக் குறுக்கே வயர்கள் கொடிபோலத் தொங்கின. எது யாருடையது என்று தெரியாமல் போகாமலிருக்க ஒரு அம்மா எல்லாவற்றிலும் ஆளுக்கு ஒரு நிறப் பூவைக் கட்டினார். "யாருக்கு எத்தனை?" என்று ஒருவர் கத்தினார். குறைந்த சார்ஜ் முதலில் என்று முடிவாயிற்று. ஒன்பது பர்சென்ட் மனைவியின் சீப்புதான் முதலில் போனது. காபி விற்பவர் வயர்களுக்கு நடுவில் கேனோடு நின்று, "காபி வேண்டாம்னா வழியாவது விடுங்கய்யா" என்றார். அவர் கேனில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினார். "வழி விடுங்க ராசா" என்றது கேன், ஒரு வயதான ஆளின் குரலில். எல்லோரும் வழிவிட்டார்கள்.

என் கருவிகளைச் செண்பகக்கனி எடுத்துக்கொண்டார். கோவில்பட்டியில் ஒரு சர்வீஸ் சென்டரில் பத்து வருடமாக வேலை பார்ப்பதாக அப்போதுதான் சொன்னார். ஒவ்வொன்றின் சார்ஜரையும் முகர்ந்து பார்த்தார். ஏழு பிழைத்தன. எட்டாவதை இரண்டு முறை முகர்ந்தார்.

"இது கருகிட்டுண்ணே. டிரையரோடது. பழைய மாடல், மூணு வருசம் இருக்கும். இதுக்குச் சார்ஜர் எங்க கடையில இப்ப இல்ல." போன் போட்டுக் கேட்டார். "மதுரை குடோன்ல இருக்காம். திங்கக்கிழமைதான் எடுத்துக் குடுப்பாங்களாம்."

டிரையரைப் பார்த்தேன். கைக்குள் அடங்கும் சின்ன டிரையர். இருபத்தாறு.

"சும்மா இருந்தா ஒரு மணிக்கு ஒண்ணு குறையும்," என்றார்.

அப்போது மதியம் ஒரு மணி. திங்கட்கிழமை வரை வராது. பரவாயில்லை என்றேன். நான் அதைப் பயன்படுத்துவதில்லை, சார்ஜ் மட்டும் போட்டு வைப்பேன், மற்ற பத்து இருக்கின்றன.

அவர் மற்ற பத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா எடுக்க மாட்டீகளே?"

"கேளுங்க."

"மதினி ரொம்பப் பேச மாட்டாகளோ?"

"நிறுத்த மாட்டா."

"அப்படியா?" பாட்டிலின் பொத்தானை அழுத்தினார். "தண்ணி குடி" என்றது. விளக்கை அழுத்தினார். "அணைக்கவா" என்றது. விசிறி, "போதும்." டிபன் பாக்ஸ், "சூடு ஆச்சு."

"இது உங்களை மாதிரில்லா பேசுது," என்றார்.

நான் டிபன் பாக்ஸை வாங்கிப் பையில் வைத்தேன்.

"மதினி போனப்புறம் இதுககிட்ட யாரு பேசுதா?"

"நான்தான். தினமும் பத்து நிமிஷம் பேசினா நல்லாருக்கும்னு கூட வந்த புத்தகத்துல போட்டிருந்தது."

"அது புதுசா வாங்குறவுகளுக்குப் போட்டது அண்ணே. ஆள் மாறினா, புது ஆளு பேச்சைப் படிச்சுக்கிடட்டும்னு. குரல் அச்சு மாறாது. சொல்லுதான் மாறும். கடைசியா யாரு பேசுதாகளோ அவுக சொல்லு மேல ஏறிக்கிட்டே வரும், கீழ இருக்கிறது அமுங்கிரும்." பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "பத்து நிமிசம் என்ன பேசுவீக?"

"சார்ஜ் எவ்வளவுன்னு சொல்வேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"மிச்சம் ஒம்பது நிமிசம்?"

"பக்கத்துல உட்காந்திருப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. "அதையுந்தான் படிச்சிருக்குக அண்ணே," என்றார். "நல்லா படிச்சிருக்குக."

வண்டி மதுரையில் நின்றது. எலக்ட்ரீஷியன் ஏறினார். பச்சை விளக்குகள் எரிந்தன. பெட்டி முழுவதும் கைதட்டினார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பதினான்கு மாதங்கள் நான் என்னோடுதான் குடியிருந்திருக்கிறேன். அவள் குரலில்.

விருதுநகர் தாண்டியதும் செண்பகக்கனி டிரையரை எடுத்து அதன் அடியில் ஒரு ஊசியால் குத்தி, சின்னத் திரையில் ஏதோ படித்தார்.

"இதுகிட்ட நீங்க பேசுனதே இல்லையா?"

"எனக்கு டிரையர் எதுக்கு? அவளுக்குத்தான் இடுப்பு வரைக்கும் முடி. பிளக்ல போட்டு வைப்பேன். அதோட சார்ஜை மத்ததுகிட்ட சொல்லும்போது சேத்துச் சொல்லிடுவேன்."

"அணைச்சு கெடந்ததால இதுக்குக் காதே கேக்கல. கடைசியா ஓடுன தேதி பதினாலு மாசத்துக்கு முந்தி. இதுக்குள்ள அவுக அப்படியே இருக்காக." டிரையரை என் கையில் வைத்தார். இரண்டு கைகளாலும் வைத்தார். "போட்டீகன்னா பேசும். பேசும்போதே சார்ஜைக் குடிச்சிரும், காத்து அடிக்கிற கருவில்லா. போடலன்னா நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வரும். ரெண்டுல எதுன்னு நான் சொல்ல முடியாதுண்ணே."

கோவில்பட்டியில் இறங்கும்போது ஒரு பொட்டலம் காராச்சேவு தந்தார். தம்பிக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கப் போவதாகச் சொன்னார். பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே ஜன்னல் வழியாக, "சார்ஜர் கெடைச்சா போன் போடுங்க, கெடைக்கலன்னாலும் போடுங்க," என்றார்.

தூத்துக்குடி ஸ்டேஷனுக்கு ரெஜிஸ் வந்திருந்தான். அக்சிலியாவின் தங்கை பிலோமியின் கணவன். கப்பல் ஏஜென்சியில் வேலை. நான் வீட்டுக்குப் போகாமல் முதலில் கடைக்குப் போக வேண்டும் என்றேன். காரணம் சொன்னேன். ஸ்கூட்டரில் பை முன்னால், நான் பின்னால்.

மூன்று கடைகள். முதல் கடைக்காரர் மாடலின் பெயரைக் கேட்டதும் அருங்காட்சியகத்துக்கு வழி சொன்னார். இரண்டாவது கடையில் பொருந்தவில்லை. மூன்றாவது கடைக்காரர் ஒரு பெயின்ட் வாளி நிறைய சார்ஜர்களைக் கொண்டுவந்து தரையில் கொட்டினார். அரை மணி நேரம் மூவரும் குத்தவைத்து உட்கார்ந்து தேடினோம்.

"உலகத்துல உள்ள சார்ஜர் பூரா இருக்கு அண்ணாச்சி," என்றார் கடைக்காரர். "உங்களது மட்டும் இல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பூசைக்குப் போயிருவேன். தூத்துக்குடில நாளைக்கு எவன் கடை தொறப்பான்?"

வீட்டுக்குப் போனோம். ரெஜிஸ் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருந்தான். சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே வீட்டிலிருந்த பதினெட்டுப் பேருக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்கு ஒரு யோசனை. உடைத்து உள்ளே நேராக வயரைக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். உடைத்தால் அப்போதே அழிந்துவிடும் என்றார் இன்னொருவர். அக்சிலியாவின் பெரியப்பா, சவேரியார் என்பவர், ஃபிரிட்ஜில் வைத்தால் சார்ஜ் குறையாது, மீன் கெடாத மாதிரி என்றார். யாரும் கேட்கவில்லை. அவருக்கு வருத்தம்.

மற்ற பத்தையும் பிள்ளைகள் பேசி விளையாட எடுத்துக்கொண்டு போனார்கள். தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கெட்டில், "கொதிச்சிட்டுல்லா, எடுங்களேன்" என்றது.

ஞானஸ்நானம் பத்தரைக்கு. டிரையரை என் பேன்ட் பையில் வைத்திருந்தேன். புகைப்படக்காரர் அதை எடுத்துவிடச் சொன்னார். முடியாது என்றேன். எல்லாப் படங்களிலும் இடது தொடையில் ஒரு புடைப்போடு இருக்கிறேன். குழந்தையின் பெயர் ஜோவின், நான்கு மாதம். அவனை நான் ஏந்திப் பிடித்தேன். சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்டார். விட்டுவிடுகிறேன் என்றேன். சாமியார் தாராளமான மனிதர். தண்ணீரைக் குடத்திலிருந்து ஊற்றுவதுபோல ஊற்றினார். ஜோவின் கோயில் அதிரக் கத்தினான்.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு. மொட்டை மாடியில் பந்தல், பிரியாணி, கடல் காற்று. ஜோவின் இன்னும் அழுதுகொண்டிருந்தான். என் மாமியார் துண்டை வைத்துத் துடைத்தால் இன்னும் உரக்க அழுதான்.

"தலையில ஈரம் காயவே இல்ல. இந்தக் காத்துக்குப் பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்," என்றார் மாமியார்.

டிரையரை எடுத்துப் பார்த்தேன். மூன்று.

பிலோமி பார்த்துவிட்டாள். "வேண்டாம் அத்தான். உள்ள வைங்க."

"சாயங்காலம் எப்படியும் போயிரும்."

"போனாப் போகட்டும். அதுவரைக்குமாவது இருக்கும்லா?"

"சும்மா இருக்கும்," என்றேன். "சும்மா இருக்கிறதுக்கு நான் ஒருத்தன் போதும்."

மிதமான சூட்டில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். இளஞ்சூட்டுக் காற்று வந்தது. ஜோவின் அழுகையை நிறுத்திக் கண்ணைச் சுருக்கினான். டிரையர் தலையை உணர ஒரு நொடி எடுத்துக்கொண்டது.

"யாரு இது? முடியே இல்லையே," என்றது. "டெரன்ஸா? ஏ டெரன்ஸு, என்னடா இது, ரெண்டு நாள் நான் பாக்காம இருந்தா இப்படியா கொட்டும்? ஷாம்பூவை மாத்தாதன்னு சொன்னேனா இல்லையா? சரி அழாத, அழுதா முளைக்கப் போகுதா. மண்டை நல்ல உருண்டையாத்தான் இருக்கு. வழுக்கை விழுந்தாலும் உன்னை விட்டுற மாட்டேன், பயப்படாத. எங்க சவேரியார் பெரியப்பாவுக்கு முப்பது வயசுல கொட்டிப்போச்சு, அவரு தெனமும் அதுல தேங்காண்ணெய் தேச்சுத் தேச்சு, ஒரு நாள் ஒரு ஈ வந்து உக்காந்து, வழுக்கிக் கீழ விழுந்து, அந்த ஈயை எங்க பெரியம்மா பாத்துட்டு என்ன சொன்னாங்கன்னா…"

நின்றுவிட்டது. திரை அணைந்தது.

சவேரியார் பெரியப்பா பிரியாணித் தட்டோடு அங்கேயேதான் நின்றிருந்தார். தலையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"ஈ வழுக்கல," என்றார். "அது பொய்."

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்கே பழக்கமில்லாத சத்தம். அது சிரிப்பு என்று தெரிவதற்குள் என் மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் குலுங்கத் தொடங்கியிருந்தார். ரெஜிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். பெரியம்மாவிடம் எல்லோரும், ஈயைப் பார்த்து என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். "எனக்கு எங்க ஞாபகம் இருக்கு, நாப்பது வருசம் ஆச்சு," என்றார் அவர். ஜோவின் சுற்றிலும் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். தலை காய்ந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பிலோமி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்திருந்தாள்.

"அத்தான், இது அக்கா சொன்னது இல்லல்லா. இருந்தா இப்படிச் சொல்லியிருப்பா, அம்புட்டுதான?"

"ஆமா."

"அப்ப நெசமாவே கடைசியா என்ன சொன்னா?"

மாமியார் தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினார். பதினான்கு மாதங்களாக என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு குரல் சார்ஜில் இருக்கிறது. கடைசிச் சொல் என்ன என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

"பெரிசா ஒண்ணும் இல்ல," என்றேன்.

"பெரிசா இல்லாட்டி சின்னதாச் சொல்லுங்க. அம்மா உங்ககிட்ட கேக்கப் பயந்துக்கிட்டு இருக்காக."

ஆபரேஷன் தியேட்டர் வாசல். அவள் தள்ளுகட்டிலில் படுத்திருந்தாள். கம்மல், மோதிரம், காதுக் கருவி எல்லாவற்றையும் கழற்றி, கருவியை அணைத்து, என் கையில் கொடுத்துவிட்டார்கள். அதனால் எந்தக் கருவிக்கும் அது கேட்கவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டது. தொடங்கும் முன் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், என் சொல் எதுவும் கலந்துவிடாமல். பிறகு சொன்னேன். அவள் சொன்னது இது:

"கதவுகிட்ட நிக்காத டெரன்ஸு, அது உன் மூக்குல இடிக்கும். கீழ கேன்டீன்ல போய் எதாச்சும் சாப்பிடு, ஆனா வடை மட்டும் வாங்காத, பக்கத்து பெட்டு அக்கா நேத்து வாங்கி, கடிக்க முடியாம, அவுக வீட்டுக்காரர் மேல எறிஞ்சு, அவருக்கு நெத்தியில மூணு தையல், சிரிக்காத, நெசமாத்தான், இதே ஆஸ்பத்திரில ரெண்டாவது மாடில கெடக்காரு, அது பெரிய கதை. ஏ சிஸ்டர், ஒரு நிமிசம் பொறுங்களேன், என்ன அவசரம். சரி, நீ போ, போய்ச் சாப்பிடு, மீதிய வந்து சொல்லுதேன்."